ஜீப் மாதிரி இருந்த கார்: கிளிநொச்சியிலிருந்து கடலும் மலையுமாக ஆறு நாள்

ஆறு நாள், 978 கிலோமீற்றர், 138,360 ரூபாய். சாப்பாடு, தங்குமிடம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. வாகனத்துக்கு மட்டும் போன காசு. அதில் 16,500 ரூபாய் போனது, பெருவிரல் மொத்தத்தில் ஒரு இரும்புக் கொழுவி டிக்கிக்குள் இல்லாததாலும், அந்த நேரம் என் தலைக்குள் புத்தி இல்லாததாலும். லீவுக்கு வாகனம் வாடகைக்கு எடுத்துக் கடலும் மலையும் பார்க்க நினைக்கிற வேறு குடும்பங்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எதை எடுத்தோம், ஏன்

2025 ஓகஸ்ட் பள்ளிக்கூட லீவு. சித்தப்பாவின் மகன் கனடாவிலிருந்து வந்து நின்றான். நான், மனைவி, பதினொரு வயது மகள், மாமி, அவன் என ஐந்து பேர். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு ஓட்டோவும். முல்லைத்தீவில் தொடங்கி, திருகோணமலைக் கடலைப் பார்த்து, அப்படியே கண்டி, நுவரெலியா, எல்ல என்று ஏறி இறங்கி வருவது திட்டம். "ஜீப் எடுப்பம் அண்ணா, மலைக்குக் கார் சரிவராது" என்றான் தம்பி.

வன்னியில் நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்ந்து நிற்கிற எதற்கும் ஜீப் என்றுதான் பெயர். அவன் சொன்ன ஜீப்பும் அப்படித்தான். உண்மையில் நாங்கள் பார்த்த வண்டிகள் எல்லாம் சிறிய குரொஸ்ஓவர்கள். காரின் அடித்தளத்தில் காரின் எஞ்சின், அதன்மேல் கொஞ்சம் உயரமான உடம்பு. வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முன் சில்லு இரண்டில் மட்டும் இழுப்பவை. இது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் வாடகைச் சந்தையில் இரண்டு தலைமுறை வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன: பத்து வருடம் ஓடியவை, நேற்று வந்தவை. எங்களுக்குக் காட்டியதும் அப்படி இரண்டு. ஒன்று 2014 ஆம் ஆண்டு ஹொண்டா வெசல் ஹைபிரிட், நாளுக்கு 10,500 ரூபாய். மற்றது 2022 இல் செய்து 2025 இல் இங்கே வந்த ரொயோட்டா றைஸ், 13,500. றைஸ் என்று பெயரைக் கேட்டதும் மாமி, "சோத்துக் காரோ தம்பி?" என்றார். பயணம் முடியும்வரை அது சோத்துக் கார்தான்.

மனம் வெசலில்தான் நின்றது. உள்ளே இடம் கூட, காசும் குறைவு. ஆனால் அதன் காப்புறுதி அட்டையை வாங்கிப் பார்த்தபோது அது தனிப்பட்ட பாவனைக்கென எடுத்தது என்று தெரிந்தது. அப்படிப்பட்ட காப்புறுதியோடு வாடகைக்கு ஓடும்போது ஏதாவது நடந்தால் இழப்பீடு கிடைக்காது. முழுக் கணக்கும் எடுத்தவன் தலையில் விழும். கேட்டால், "ஒண்டும் நடக்காது அண்ணை" என்பார்கள். நடக்காவிட்டால் காப்புறுதியே தேவையில்லையே. றைஸ் வண்டியின் காப்புறுதியில் வாடகைப் பாவனையும் சேர்ந்திருந்தது. நாளுக்கு 3,000 ரூபாய் கூடக் கொடுத்தது அதற்காக. இந்தத் தீர்மானத்தில் இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த வெசல் ஹைபிரிட்டின் கியர்பெட்டி இரட்டைக் கிளச் வகை. மலை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளச் சூடேறும். றைஸின் கியர்பெட்டி அந்த வகை இல்லை. எஞ்சின் 1,196 சிசி, மூன்று சிலிண்டர், 87 குதிரைவலு. கேட்கச் சின்னதுதான். உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகி, சாதாரண எஞ்சின் 1,000 மீற்றருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு பலத்தை விடும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. இருந்தும் அந்த இழப்பு எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இறம்பொடை வளைவுகளில் ஐந்து பேரோடும் மூட்டைகளோடும் மூச்சு வாங்காமல் ஏறியது.

யார் ஓட்டுவது என்பதில் விவாதமே இல்லை. கனடா அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு இங்கே நேரே ஓட முடியாது, தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். தம்பி எடுக்கவில்லை. அவன் வலப்பக்கமாக ஓடிப் பழகியவன் என்பதால் மாமிக்கு அதில் பெரிய நிம்மதி.

கையேற்ற அரை மணித்தியாலம்

ஒன்பதாம் திகதி பின்னேரம் வண்டியை எடுத்தோம். உரிமையாளர் ஒரு இளம் பெடியன், நல்ல மாதிரி. அடையாள அட்டைப் பிரதி, சாரதி அனுமதிப்பத்திரப் பிரதி, மின்சாரக் கட்டணச் சிட்டை, 50,000 ரூபாய் வைப்புப்பணம். நாளுக்கு 100 கிலோமீற்றர் இலவசம், மேலே ஓடினால் கிலோமீற்றருக்கு 50 ரூபாய்.

நான் சுற்றிவரக் கைபேசியில் படம் பிடித்தேன். கீறல்கள் இரண்டு, அவனுக்கும் காட்டினேன். வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதி பார்த்தேன். குனிந்து ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் நாலு இலக்கத்தையும் தேடினேன்: 3122. அதாவது 2022 இன் 31 ஆவது கிழமை செய்தது. நாலும் ஒரே இலக்கம், தேய்வும் ஒரே அளவு. எண்ணெய் பார்த்தேன், பிரேக் எண்ணெயின் மட்டம் பார்த்தேன். இவ்வளவும் பார்த்த மனிசன் டிக்கியின் அடியில் கிடக்கும் பலகையை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை. மூட்டை கொள்ளுமா என்று பார்த்தேன், கொண்டது, மூடினேன்.

அந்தப் பலகைக்குக் கீழேதான் விஷயம். ஜப்பான் சந்தைக்கென்று செய்த பல சிறிய வண்டிகளில் மாற்று ரயர் இல்லை. பஞ்சர் அடைக்கும் மருந்துப் போத்தல் ஒன்றும் கையளவு காற்றுப் பம்பும் மட்டும். அவற்றோடு, இழுப்பதற்கான கொழுவியும் இருக்க வேண்டும். பம்பரில் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் புரி வெட்டிய துவாரம் தெரியும், கொழுவியை அதற்குள் முறுக்கிவிட்டுத்தான் கயிறு கட்டுவது. எங்கள் வண்டியில் போத்தல் இருந்தது, பம்ப் இருந்தது, கொழுவியின் இடம் வெறுமையாக இருந்தது. இது எனக்கு எப்போது தெரியவந்தது என்றால், அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். ஒப்பமிட்டேன். வாசிக்கவில்லை.

முல்லைத்தீவு மணல்

ஞாயிறு விடியப் புறப்பட்டு, பரந்தனால் திரும்பி ஏ35 வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம். அந்த ஒடுங்கிய பாலத்தில் எதிரே வாகனம் வந்தால் ஒருவர் நின்று விட வேண்டியிருந்தது. றைஸின் அகலம் 1,695 மில்லிமீற்றர்தான், வசதியாகப் போனோம். மாமி மட்டும் பரந்தன் தாண்டியதிலிருந்து முறைப்பாடு: ஏ9 வீதியால் போயிருந்தால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கலாம், இப்படிக் கும்பிடாமல் வெளிக்கிட்டு என்ன நடக்கப்போகுதோ.

முல்லைத்தீவுக் கடற்கரையில் வண்டியை வீதியோரம் விட்டுவிட்டு நடந்திருக்கலாம். முந்நூறு அடிகூட இல்லை. தம்பிக்கு வண்டியும் கடலும் ஒன்றாக விழுகிற மாதிரி ஒரு படம் வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒரு உழவு இயந்திரம் போன தடம் இருந்தது. அந்தத் தடத்தில் போனால் சரி என்று நினைத்தேன். போகும்போது போனது. திரும்பி வீதிப் பக்கம் முகத்தை வைத்தபோதுதான் முன் பக்கம் மெல்ல இறங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வண்டியின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் 185 மில்லிமீற்றர் உயரம் இருக்கிறது. மணலில் அந்த உயரத்துக்கு மதிப்பே இல்லை, ஏனென்றால் சில்லே கீழே போகிறது. எஞ்சினின் பாரம் முன்னால், இழுவையும் முன்னால். ஆகப் புதைவதும் அதே சில்லுகள், சுற்றுவதும் அதே சில்லுகள். சில்லு வழுக்குகிறது என்று கண்டதும் வண்டியின் மின்னணு எஞ்சினின் பலத்தைத் தானாகக் குறைக்கும். நான் இன்னும் அமத்த, அது இன்னும் குறைக்க, ஐந்து நிமிடத்தில் முன் சில்லு அரைவாசி உள்ளே. மணலில் ஓடத் தெரிந்தவர்கள் இறங்குவதற்கு முன்பே ரயரின் காற்றைப் பாதிக்குக் குறைப்பார்கள், ரயர் விரிந்து மணலில் பரவும். எனக்கு அது ஞாபகம் வந்தபோது வண்டி வயிற்றில் படுத்திருந்தது.

கரைவலை இழுக்கிற ஆட்கள் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றவர்கள், உழவு இயந்திரத்தோடு வந்தார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர், "தம்பி, உதென்ன ஜீப் எண்டு நினைச்சே கொண்டு வந்தனீர்?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. கொழுவியைத் தேடி டிக்கியை வெறுமையாக்கினோம். கனடாப் பெட்டி, மாமியின் பலகாரப் பை, தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் மணலில். பலகையைத் தூக்கினால், கொழுவியின் அச்சில் வெட்டிய வெறும் பள்ளம்.

வேறு வழியில்லாமல் ஒரு பெடியன் கீழே படுத்து, முன் சில்லைத் தாங்குகிற இரும்புக் கையில் கயிற்றைக் கட்டினான். இழுத்ததும் வண்டி வந்தது. கயிறு இறுகியபோது எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்ரிக் தட்டும் பாதி கிழிந்து வந்தது. டீசலுக்கென்று 2,000 ரூபாய் கொடுத்தேன். 1,000 ஐ எண்ணித் திருப்பித் தந்தார்கள். கிழிந்த தட்டை நைலோன் நூலால் கட்டியும் விட்டார்கள். வலை பொத்துகிற முடிச்சு, ஆறு நாளும் அவிழவில்லை.

தம்பி அதற்குப் பிறகும் வரைபடத்தைக் காட்டி, கரையோரமாகவே கொக்கிளாய், புல்மோட்டை, நிலாவெளி என்று போகலாமே என்றான். படத்தில் கரை ஒரே கோடாகத்தான் தெரியும். ஆனால் கொக்கிளாய்க் களப்பின் வாயில் பாலம் இல்லை. அக்கரையில் புல்மோட்டை கண்ணுக்குத் தெரியும், போவது படகில்தான். நெடுங்கேணி, பதவியா பக்கமாகச் சுற்றும் வழி உண்டு. கட்டிய தட்டோடு தெரியாத வீதி வேண்டாமென்று, அடுத்த நாள் மாங்குளம், வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று பெரிய வீதியால் திருகோணமலைக்குப் போனோம். யானைக்குப் பயந்து இருட்டுக்கு முன் போய்ச் சேருகிற கணக்கில்தான் புறப்பட்டது.

அதற்கு முன் அன்று இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். முத்தையன்கட்டுப் பக்கம் பெரியம்மா வீட்டில் தங்கினோம். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே திரும்பியதும் கிரவல் வீதி. உழவு இயந்திரம் போய்ப் போய் இரண்டு பக்கமும் வாய்க்காலாகி, நடுவில் முதுகு மாதிரி மேடு. அதற்கு முந்தின வருடம் இதே வீதியில் மச்சானின் ரொயோட்டா அக்வா காரில் வந்தபோது எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டுத்தான் வண்டியைக் கொண்டு போனோம். அதற்கு 140 மில்லிமீற்றர். றைஸ் ஐந்து பேரோடும் மூட்டையோடும் ஒரு இடத்தில்கூட முட்டாமல் போனது. ஆறு நாளில் அந்த உயரம் உண்மையாக உதவிய ஒரே இடம் அது. மலைநாட்டில் நாங்கள் ஓடிய வீதிகள் எல்லாம் காப்பற் போட்டவை, அங்கே உயரத்துக்கு வேலையே இல்லை. கடலுக்கும் மலைக்கும் என்று எடுத்த உயரம், பெரியம்மா வீட்டு ஒழுங்கைக்குத்தான் பயன்பட்டது.

இறக்கம்

இரண்டாம் நாள் ஏ9 இல் மாங்குளம் தாண்டி வரும்போது உரிமையாளரிடமிருந்து அழைப்பு: "அண்ணை, 92 காட்டுது." வண்டியில் இருக்கும் இடங்காட்டி அவனுடைய கைபேசியில் வேகத்தையும் காட்டும். ஊர்மனை இல்லாத இடத்தில் காருக்கு எல்லை 70. பொலிஸ் பிடிப்பதற்கு முன் அவன் பிடித்தான். முதல் நாள் முல்லைத்தீவில் நாங்கள் ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றதையும் பார்த்திருப்பான். அதைப் பற்றி அப்போது வாய் திறக்கவில்லை.

திருகோணமலையும் கண்டியும் சிக்கல் இல்லாமல் போயின. நாலாம் நாள் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை. அந்த வருடம் மே 11 ஆம் திகதி பேருந்து கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்த கரண்டியெல்ல இந்த வீதியில்தான் இருக்கிறது. வண்டிக்குள் யாரும் கதைக்கவில்லை. மேலே போகப் போக மழையும் பனிப்புகாரும். கண்ணாடி உள்ளுக்குள் வெளுக்கத் தொடங்கியது. ஏசியைப் போட்டு அந்தக் காற்றைக் கண்ணாடிக்கு விட்டால் அரை நிமிடத்தில் தெளியும், குளிராக்க அல்ல, ஈரத்தை எடுக்க. சால்வைக்குள் இருந்த மாமிக்கு இதை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. கண்டி வெயிலில் ஏசியைக் கூட்டச் சொன்னால் பெற்றோல் போகும் என்ற மருமகன், நுவரெலியாக் குளிரில் ஏசி போடுகிறான்.

ஐந்தாம் நாள், நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறக்கம். ஹக்கல தாண்டியதும் மழை நின்று நல்ல வெயில். ஓகஸ்டில் மேற்குச் சரிவு நனைந்துகொண்டிருக்கும், இந்தப் பக்கம் காய்ந்துகிடக்கும். வீதி உலர்ந்திருந்ததால் மனமும் இலகுவாகிவிட்டது. கியர் 'டி' இல், வலது கால் பிரேக்கில். வளைவுக்கு வளைவு ஒரு மிதி, இடையிலும் மெல்லிய மிதி. வன்னியில் இருபது வருடமாக ஓடுகிறவனுக்கு இறக்கம் என்றால் குளக்கட்டிலிருந்து இறங்குவதுதான். வண்டியும் ஆட்களும் மூட்டையும் சேர்த்து 1,300 கிலோவுக்கு மேல், அந்தப் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றுதான் பிடித்துக்கொண்டு வந்தது. இந்த வகைத் தானியங்கிக் கியர் 'டி' இல் இருக்கும்போது, காலை எடுத்தால் எஞ்சினைக் குறைந்த சுற்றில் விட்டுவிடும். எஞ்சின் பிடிக்காது.

முதலில் மகள்தான் சொன்னாள், "அப்பா, என்னவோ கருகுது." பிறகு மிதி வழக்கத்தைவிட ஒரு விரல் உள்ளே போனது. மரக்கறிக் கடையொன்றின் பக்கத்தில் அகலமான இடம் வந்ததும் நிறுத்தினேன். முன் சில்லுக்குள்ளிருந்து மெல்லிய புகை. தம்பி தண்ணீர்ப் போத்தலோடு இறங்கிவிட்டான். அங்கே கோவா ஏற்றிக்கொண்டு நின்ற லொறியின் சாரதி, "ஐயோ ஊத்திராதீங்க தம்பி, பிரேக் தட்டு கோணிக்கும்" என்று கத்தினார். என்னிடம் கைபிரேக்கையும் விடச் சொன்னார். சூட்டோடு இழுத்துவைத்தால் பின்னால் பிடித்துக்கொள்ளுமாம். தானே ஒரு கல்லைக் கொண்டுவந்து சில்லுக்குக் கீழே வைத்தார். எந்தக் கியரில் இறங்கினேன் என்று கேட்டார், சொன்னேன். "ஏறுன கியர்லயே எறங்கணும் அண்ணே. மலையில பிரேக்கு நிப்பாட்டத்தான், எறங்க இல்ல."

முக்கால் மணித்தியாலம் நின்றோம். மாமி கோவாவும் கரட்டும் மலிவென்று இரண்டு பை வாங்கினார், டிக்கியில் இடமில்லாமல் அதையும் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நெம்பைக் குறைந்த கியருக்குத் தள்ளி இறங்கினேன். எஞ்சின் கத்தியது. பெற்றோல் வீணாகிறதே என்று ஒரு நினைப்பு வந்தது, அதுவும் பிழை. காலை எடுத்துவிட்டு வண்டி எஞ்சினை உருட்டும்போது பெற்றோல் ஊற்று அநேகமாக நின்றுவிடும். வளைவுக்கு முன் ஒரு முறை உறுதியாக மிதித்து, உடனே விட்டு, திரும்பவும் எஞ்சினிடம் கொடுப்பது. அடுத்த நாள் பதுளையிலிருந்து மஹியங்கனைக்கு அதைவிட நீண்ட இறக்கம், மணமே இல்லை.

கணக்குத் தீர்த்தது

15 ஆம் திகதி எல்லவிலிருந்து ஒரே ஓட்டமாக வந்தோம். மடு மாதா கோவில் திருவிழா நாள் என்பதால் மதவாச்சியில் பேருந்து நெரிசல். முறிகண்டியில் மாமிக்காக நிறுத்தினேன். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, "இனிப் பயமில்லை" என்றார். வீட்டுக்கு இன்னும் கால் மணித்தியாலம்தான் இருந்தது.

வாடகை ஆறு நாளுக்கு 81,000. மேலதிகம் 378 கிலோமீற்றருக்கு 18,900. பெற்றோல் 72 லீற்றர், லீற்றர் 305 ரூபாய்ப்படி 21,960. இவ்வளவும் 121,860. எங்கள் வீதியில் வான் வைத்திருக்கிற ஒருவர் கிலோமீற்றருக்கு 120 ரூபாயும் இரவுக்கு 2,000 ரூபாய் படியும் கேட்டிருந்தார்; அப்படிப் பார்த்தால் 127,360 வந்திருக்கும். மணலில் இறங்காமல் இருந்திருந்தால் நாங்கள் ஐயாயிரத்துச் சொச்சம் லாபம். அந்த ஐயாயிரத்துக்காக மலை இறக்கத்தை நானே பழகினேனா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. மாமியையும் மலையையும் ஒன்றாகக் கொண்டுபோகிறவர்கள் வான்காரரோடு போவதே சுகம் என்று இப்போது எனக்குப் படுகிறது. தாங்களே ஓட்ட ஆசைப்பட்டால் குரொஸ்ஓவர்தான் வேண்டும் என்றும் இல்லை. நல்ல பிரேக்கும் நல்ல ரயரும் உள்ள கார் போதும், உறவினர் வீடு கிரவல் வீதியில் இல்லாவிட்டால்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, இரவு எட்டரைக்கு, உரிமையாளர்ப் பெடியன் கைபேசி வெளிச்சத்தோடு கீழே குனிந்து பார்த்தான். வலை முடிச்சைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணை, பதினோராவது விதி, கடற்கரையில இறக்கக் கூடாது." அவன் சொன்னது சரி, நான் ஒப்பமிட்டிருந்தேன். வாடகைப் பாவனைக்கென்று தேடி எடுத்த காப்புறுதியும் இதற்கு உதவவில்லை, விதியை மீறி மணலில் இறக்கியது நான். நான் டிக்கியைத் திறந்து, பலகையைத் தூக்கி, கொழுவி இருக்க வேண்டிய பள்ளத்தைக் காட்டினேன். அதற்குள் முல்லைத்தீவு மணலும் இரண்டு கச்சான் கோதும் கிடந்தன. இப்போது அவன் பேசவில்லை.

அடுத்த நாள் காலை இரண்டு பேருமாகக் கராஜுக்குப் போனோம். புதுத் தட்டு 24,000, பூட்டும் வேலையோடு இரண்டொரு கிளிப்பும் 9,000. முப்பத்துமூவாயிரத்தை நடுவில் பிரித்தோம். வைப்புப்பணத்தில் 16,500 ஐக் கழித்து மிச்சத்தை அங்கேயே எண்ணித் தந்தான்.

மூன்று கிழமை கழித்து, அதே வண்டியை எடுக்க நினைத்த நண்பர் ஒருவருக்காக அவனிடம் எடுத்துக் கேட்டேன். வண்டி எப்படி, ரயர் எப்படி என்று நான் தொடங்குவதற்கு முன்பே, "கொழுவி வாங்கிப் போட்டுட்டன் அண்ணை" என்றான். அப்புறம், "ஒப்பந்தத்தையும் தமிழில அடிச்சிட்டன்."